கொட்டகை, தோட்டம், கூடவே ஒரு பெரியவர்: இளையோர் மனநலத்துக்கு இவை எப்படி உதவுகின்றன

எதிரில் உட்கார்ந்துகொண்டு "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டால், மனம் சோர்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். அதே பிள்ளை ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இன்னொருவர் வைக்கோல் உதறிக்கொண்டிருக்கிறார் என்றால், யாரும் கேட்காமலேயே பேச்சு கிளம்பும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. கை வேலையாக இருப்பதால் பேசாமல் இருந்தாலும் அது யாரையும் உறுத்துவதில்லை.

இந்தச் சிறிய உண்மையின் மேல் எழுந்ததுதான் இந்த முறை. நம்பகமான ஒரு பெரியவர், பராமரிக்க வேண்டிய ஒரு விலங்கு, திறந்தவெளியில் செய்தாக வேண்டிய ஒரு வேலை: இந்த மூன்றையும் சேர்த்து வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம், பல மாதங்களுக்கு நடத்துவார்கள். அந்தப் பெரியவரை வழிகாட்டி என்று அழைப்போம். பண்ணையை ஒட்டி நடந்தால் இதைப் பராமரிப்புப் பண்ணை என்பார்கள். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட பண்ணைகள் ஆயிரத்துக்கும் மேல் இயங்குகின்றன.

மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது குதிரை. ஆனால் பலன் தருவது முக்கியமாக உறவு. விலங்கும் வேலையும் அந்த உறவு கூச்சமில்லாமல் வளர இடம் தருகின்றன. எனவே விலங்கு வாங்கும் முன் வழிகாட்டியைத் தேடுங்கள். நல்ல வழிகாட்டியும் நாலு கோழியும் இருந்தால் போதும். அழகான ஆறு குதிரைகளும் மாதம் ஒருமுறை மாறும் ஊழியர்களும் இருந்தால் அது சுற்றுலாவாகத்தான் முடியும்.

இது சிகிச்சையா?

பெரும்பாலும் இல்லை. உரிமம் பெற்ற மனநல நிபுணர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட இலக்கு வைத்து, பதிவேடு பராமரித்து, விலங்கையும் பயன்படுத்தி நடத்தினால் அது விலங்குவழிச் சிகிச்சை. பயிற்சி பெற்ற வழிகாட்டி நடத்துவது மனநல ஆதரவு. இரண்டுக்கும் இடையில் கோடு தெளிவாக இருக்க வேண்டும். தூக்கமின்மை, பதற்றம், தனிமை, பள்ளிக்குப் போக மறுப்பு, இழப்புக்குப் பின் வரும் சோர்வு ஆகியவற்றில் ஆதரவு நன்றாக வேலை செய்யும். கடும் மனச்சோர்வு, மனப்பிறழ்வு (நிஜம் எது, கற்பனை எது என்று பிரித்தறிய முடியாத நிலை), உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, அளவுமீறி உண்பது போன்றவை), தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் அது மருத்துவத்துக்குத் துணையாக மட்டுமே நிற்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்கு அனுப்புவது ஆபத்து.

இளம் வயதில் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. ஆலோசகர் அறைக்குள் போகவே தயங்கும் வயது இது. "மனநல மையத்துக்கு வா" என்றால் வராத பிள்ளை "நாய்க்குட்டிக்கு நடை பழக்க ஆள் வேணும்" என்றால் வந்துவிடும்.

எங்கிருந்து வந்தது

1796-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் தொடங்கிய மனநல இல்லத்தில், சங்கிலிக்குப் பதிலாக வேலையும் தோட்டமும் வைத்தார்கள். முற்றத்தில் முயல், கோழி போன்ற சிறு விலங்குகளும் இருந்தன. நியூயார்க்கில் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் தற்செயலாக அறையில் இருந்த தம் நாய் ஜிங்கில்ஸோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். நாயைத் துணையாக வைத்துச் சிகிச்சை நடத்துவதைப் பற்றி 1960களின் தொடக்கத்தில் எழுதவும் ஆரம்பித்தார். சக ஊழியர்கள் சிலர் அப்போது சிரித்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1940களின் இறுதியில் தொடங்கிய கிரீன் சிம்னீஸ் பள்ளி, பண்ணை விலங்குகளோடு பிள்ளைகளை வளர்க்கும் முறையை இன்றும் நடத்துகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

மனச்சோர்வின் இயல்பு ஒரு சுழல். சோர்வு வந்தால் மனிதர் ஒதுங்குவார். ஒதுங்கினால் மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் குறையும். அவை குறைந்தால் சோர்வு கூடும். "மனசு சரியானதும் செய்கிறேன்" என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. அதனால் மனநிலைக்குக் காத்திராமல் முதலில் சிறு செயலைச் செய்யவைத்து, மனநிலையைப் பின்னால் வரவழைப்பார்கள். செயலூக்கச் சிகிச்சை என்று உளவியலில் இதற்குப் பெயர். விலங்கு இருந்தால் இது எளிதாகிறது. ஆட்டுக்குப் பசிக்கும்போது "இன்னிக்கு மூடு இல்லை" என்பது எடுபடாது. யாரும் திட்டாமலேயே எழுந்து போக வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், பயன்படுகிறோம் என்ற உணர்வு. மனநலச் சிக்கலில் இருக்கும் பிள்ளையை எல்லாரும் கவனித்துக்கொள்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாள் முழுக்கக் கவனிக்கப்படுகிறவராகவே இருந்தால் தன் மேல் மதிப்பு தேயும். இங்கே அந்தப் பிள்ளையே வேறொரு உயிரைக் கவனிக்கிறது.

மூன்றாவது, உடனடியாகக் கிடைக்கும் நேர்மையான பதில். வேகமாகக் கையை நீட்டினால் ஆடு விலகும். மூச்சைத் தளர்த்தி, தோளைத் தாழ்த்தி நின்றால் நெருங்கி வரும். விலங்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, போன வாரம் போட்ட சண்டையை நினைவுபடுத்துவதும் இல்லை. தன் உடல் எப்படி இருக்கிறது என்று பிள்ளை கவனிக்கப் பழகும் இடம் இது. "கோபத்தைக் கட்டுப்படுத்து" என்று நூறு முறை சொன்னதில் வராத பழக்கம், ஆட்டை நெருங்கும் முயற்சியில் மெல்ல வரும்.

வெளியில் இருப்பதற்கே ஒரு பங்கு உண்டு. 2019-இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து வெளியான ஆய்வில், வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் உடலும் மனமும் நலமாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற சந்தேகத்தை அது முழுதாகத் தீர்க்கவில்லை. பகல் வெளிச்சமும் உடலுழைப்பும் தூக்கத்தைச் சீராக்கும் என்பது மட்டும் உறுதி. தூக்கம் சீரானால் பதற்றமும் இறங்கும்.

விலங்குகளைப் பற்றிய ஆய்வுகளில் எச்சரிக்கை தேவை. 2019-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக்கொடுத்த மாணவர்களுக்கு அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது. ஆனால் இந்தத் துறையின் ஆய்வுகள் பலவும் சிறியவை. விலங்கால் வந்த பலன் எது, கூட இருந்த அன்பான மனிதரால் வந்த பலன் எது என்று பிரிப்பதும் கடினம். அற்புதம் நடக்கும் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

வழிகாட்டி யார், எவ்வளவு காலம்

வழிகாட்டிக்கு உளவியல் பட்டம் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வரும் குணம் வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிள்ளைகளுக்குப் பெரியவர்களை வழிகாட்டிகளாக இணைத்துவைக்கும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் தரவை வைத்து 2002-இல் கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் வெளியிட்ட பகுப்பாய்வு இங்கே கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றிலோ பிள்ளைகளின் சுயமதிப்பு முன்பைவிடக் குறைந்தது. அதாவது பாதியில் விட்டுப்போகும் வழிகாட்டி பயனற்றவர் மட்டுமல்லர், கெடுதல் செய்பவர். "ஆர்வமா இருக்கு, கொஞ்ச நாள் வந்து பார்க்கிறேன்" என்பவருக்கு வேலி கட்டும் வேலையைக் கொடுங்கள். பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

சேர்க்கும் முன் பின்னணிச் சரிபார்ப்பு, இரண்டு பேரிடம் நேரடி விசாரிப்பு, பாதுகாப்புப் பயிற்சி மூன்றும் வேண்டும். சேர்ந்த பின் மாதம் ஒருமுறையாவது அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து பேசும் நேரம் வேண்டும். பிள்ளையோடு பூட்டிய அறையிலோ மறைவான கொட்டகை மூலையிலோ வழிகாட்டி தனியாக இருக்கக் கூடாது. இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தூரத்தில், ஆனால் பேச்சு காதில் விழாத தூரத்தில் இருப்பது நல்ல ஏற்பாடு. தனிப்பட்ட கைப்பேசிச் செய்திகள், பரிசுகள், கடன் எதுவும் கூடாது. இந்த விதிகள் பிள்ளையைக் காப்பது போலவே வழிகாட்டியையும் காக்கின்றன.

முதல் நாளிலேயே ரகசியத்தின் எல்லையை எளிய சொற்களில் சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்றதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்யறவங்ககிட்ட சொல்லியே ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதைப் பின்னால் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

பேச்சில் கேள்விகளைக் குறையுங்கள். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி விசாரணையாகக் கேட்கும். பார்த்ததைச் சொல்லுங்கள்: "இன்னிக்குக் கயித்தை லேசாப் பிடிச்சிருக்க, அதான் அது இழுக்கல." பொத்தாம்பொதுவாக "சூப்பர்" என்பதை அந்த வயது நம்பாது. பிள்ளை கனமான ஒன்றைச் சொன்னால் உடனே அறிவுரை தராமல், கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமல், "ம், அப்புறம்?" என்று இடம் கொடுங்கள். வேலையைச் சட்டென்று நிறுத்திவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தால் பேச்சு அங்கேயே அடைபடும். விதிவிலக்கு ஒன்று உண்டு, அது கீழே வருகிறது.

எந்த விலங்கு

கோழி தொடக்கத்துக்கு நல்லது. கையில் எடுத்துத் தூக்க வேண்டியதில்லை, தீனி தூவினால் ஓடிவரும், முட்டை என்ற கண்கூடான பலன் உண்டு.

முயலைப் பலர் சாது என்று நினைத்துத் தேர்வு செய்கிறார்கள். அது தவறான தேர்வு. முயல் இரையாகும் இனம். தூக்கினால் பருந்து தூக்கியதாக உணரும். பின்னங்கால்களை உதைத்துத் திமிறும்போது அதன் முதுகெலும்பே முறியக்கூடும். ஒரு பிள்ளையின் கையில் அது நடந்தால் பிள்ளைக்கும் அது பெரிய காயம். முயல் இருந்தால் தரையில் உட்கார்ந்து, அது தானாக வரும்வரை காத்திருக்கும் பழக்கம் மட்டும் போதும்.

ஆடு மந்தை விலங்கு. ஒற்றையாக வளர்க்கக் கூடாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஆர்வக் குணம் அதிகம், மனிதரைத் தேடி வரும். பதற்றமுள்ள பிள்ளைகளுக்கு ஆட்டைவிடப் பொருத்தமான விலங்கு அரிது. இணைசேரும் பருவத்துக் கிடாவை மட்டும் நிகழ்வுகளில் சேர்க்க வேண்டாம்.

நாயை இனம் பார்த்து அல்ல, தனிக் குணம் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். தடுப்பூசி முழுமையாக இருக்க வேண்டும். களைப்பில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, தலையைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது எல்லாம் "போதும்" என்று நாய் சொல்லும் வழிகள். வாலாட்டுவதை மட்டும் பார்த்து மகிழ்ச்சி என்று முடிவு செய்தால் கடி வாங்க நேரும். உறுமினால் திட்டக் கூடாது. உறுமலுக்குத் தண்டனை பெற்ற நாய் அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கக்கூடும்.

குதிரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சராசரிக் குதிரை 400 முதல் 600 கிலோ எடை. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரியாது. எனவே குரல் கொடுத்துக்கொண்டே, பக்கவாட்டிலிருந்து தோளை நோக்கி நெருங்க வேண்டும். முதல் தொடுகை கழுத்திலோ தோளிலோ இருக்கட்டும், முகத்தில் வேண்டாம். காது பின்னோக்கி ஒட்டிப் படிந்திருந்தால் விலகிவிடுங்கள். தலைக்கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை மிரண்டு பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலை நசுக்கும் அல்லது ஆளை இழுத்துக்கொண்டு போகும். மீதிக் கயிற்றை மடித்து மடிப்பின் நடுவில் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். மூடிய, உறுதியான காலணி கட்டாயம். தலைக்கவசம் சவாரிக்கு மட்டும் என்று விட்டுவிடாமல், பக்கத்தில் வேலை செய்யும்போதும் போடுங்கள்.

சவாரி அவசியமே இல்லை. உடலைத் தேய்த்துவிடுவதிலேயே அரை மணி நேரம் நிறைந்துவிடும். முதலில் ரப்பர் சீப்பால் கழுத்து, தோள், முதுகு, தொடை ஆகிய சதைப்பகுதிகளில் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்ப வேண்டும். எலும்பு துருத்தும் முகத்திலும் கால்களிலும் அது வேண்டாம். அடுத்து கடின பிரஷால் முடி படியும் திசையில் தட்டித் தள்ள வேண்டும். பிறகு மென் பிரஷ். கடைசியில் குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கி அழுக்கைக் கிளறி எடுத்துச் சுத்தம் செய்வது. இது மட்டும் விலங்கைக் கையாளுபவர் கூடவே நின்று கற்றுத்தர வேண்டிய வேலை. ஒரே தாளத்தில் தேய்ப்பதால் மூச்சு தானாக நீளும். "மூச்சுப் பயிற்சி செய்" என்று சொல்லாமலேயே அது நடக்கும்.

எந்த விலங்கானாலும் அது விலகிப் போய் ஒதுங்க ஓர் இடம் இருக்க வேண்டும், அங்கே போனால் யாரும் பின்தொடரக் கூடாது. ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள். "வேண்டாம்" என்று விலங்கு சொல்வதை மதிப்பதைப் பார்க்கும் பிள்ளை, தானும் வேண்டாம் என்று சொல்லலாம் எனப் புரிந்துகொள்கிறது. வீட்டில் அந்த உரிமை கிடைக்காத பிள்ளைகளுக்கு இது சிறிய பாடமல்ல.

கை கழுவுதல், ஊசி, கடி

சலிப்பான பகுதிதான். ஆனாலும் இதில் கோட்டை விட்டால் திட்டமே மூடப்படலாம். விலங்கைத் தொட்ட பின் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். சாணம், மண் ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சில குடல் கிருமிகளை அது கொல்லவும் செய்யாது. கொட்டகைக்குள் சாப்பிடுவது, நகம் கடிப்பது இரண்டும் கூடாது. காயம் இருந்தால் நீர் புகாத கட்டு. டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கருவுற்றவர்கள் ஆடு குட்டி ஈனும் சமயத்தில் அருகே போகக் கூடாது. தோலில் வட்டமாகத் தடிப்பு வந்தால் படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளையையும் விலங்கையும் பரிசோதிக்க வேண்டும். நாயோ பூனையோ கடித்தால், கீறினால், சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். "நம்ம நாய்தானே" என்று தள்ளிப்போடக் கூடாது.

வெளிவேலை: எதைக் கொடுப்பது

மூன்று வகை வேலை கலந்திருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடிந்து கண்ணுக்குத் தெரியும் வேலை: ஒரு பாத்தியில் களை எடுப்பது, தொட்டி கழுவுவது. சில வாரங்களில் பலன் தரும் வேலை: முள்ளங்கி விதைத்தால் 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம், அவரை வகைகள் ஒரு வாரம் பத்து நாளில் முளை காட்டும். மாதக்கணக்கில் நீளும் வேலை: மட்கு உரக் குழி, மரக்கன்று, வேலி. நீண்ட வேலை மட்டும் இருந்தால் சோர்ந்த மனம் ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைக்கும். சின்ன வேலை மட்டும் இருந்தால் அடுத்த வாரம் வரக் காரணம் இருக்காது.

வேலையின் அளவைப் பிள்ளையின் மோசமான நாளுக்கு ஏற்ப வையுங்கள். தோட்டம் முழுக்கக் களை எடுக்கச் சொல்லாதீர்கள். கயிறு கட்டி ஒரு மீட்டர் நீளம் குறித்துக் கொடுங்கள். முடித்தால் இன்னொரு மீட்டர் கேட்கட்டும். தள்ளுவண்டியைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். கவிழ்ந்தால் வேலை மட்டுமல்ல, அன்றைய மனநிலையும் கவிழும். ஆளுக்கேற்ற கைப்பிடி நீளமுள்ள மண்வெட்டி கொடுங்கள்.

கத்தி, கவாத்துக் கத்தரி போன்றவற்றை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ள பிள்ளை வரும்போது இதை எல்லாருக்கும் பொதுவான விதியாகவே வைத்திருந்தால் ஒருவரைச் சுட்டிக்காட்டும் சங்கடம் வராது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்.

பலரும் தவறவிடுவது மருந்தும் வெயிலும். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவரின் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சு நிலைக்கு ஏறலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் அது அவசரநிலை. மனப்பிறழ்வுக்கான சில மருந்துகள் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் திறனைக் குறைக்கும். சில மனச்சோர்வு மருந்துகள் வியர்வையைக் கூட்டும் அல்லது குறைக்கும். எனவே சேரும்போதே மருந்துப் பட்டியல் வாங்குங்கள், வெயில் வேலை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலும் தண்ணீரும் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பண்ணையின் வருமானம் இந்தப் பிள்ளைகளின் உழைப்பை நம்பி இருந்தால் அது ஆதரவல்ல, கூலியில்லா வேலை. இன்று ஒருவர் வேலியில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனாலும் பண்ணைக்கு நட்டம் வரக் கூடாது. அதுபோலவே, விலங்கோடு இருக்கும் நேரத்தைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காதீர்கள். "வீட்டுப்பாடம் முடிக்கலைன்னா இந்த வாரம் ஆடு கிடையாது" என்று சொன்ன அன்றே, அந்த இடம் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடமாக இருப்பது நின்றுவிடும்.

ஒரு நிகழ்வு, 90 நிமிடம்

முதல் பத்து நிமிடம் வருகை. அதே வாசல், அதே ஆள். மனநிலைக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை இன்று எந்த எண் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், காரணம் கேட்க வேண்டாம். இரண்டு வேலைகளைச் சொல்லி ஒன்றைத் தேர்வு செய்ய விடுங்கள். ஐந்து வேலைகளை அடுக்கினால் பதற்றமுள்ளவருக்குத் தேர்வே சுமையாகும். பிறகு 30 நிமிடம் விலங்கு, 30 நிமிடம் தோட்டம். அடுத்த பத்து நிமிடம் கருவிகளை எடுத்துவைத்து, கை கழுவி, தண்ணீர் குடிக்க. கடைசிப் பத்து நிமிடம் உட்கார்ந்து, அடுத்த வாரம் என்ன காத்திருக்கிறது என்று பேச. மறுபடி எண் கேட்கலாம்.

முதல் வருகையில் இதெல்லாம் வேண்டாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாலே போதும், 40 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பெரிய விலங்கு என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி, கூடவே விலங்கைக் கவனிக்க மட்டும் ஒரு கையாளுபவர். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் ஏதோ ஒன்றைக் கோட்டை விடுவார்.

பலனை அளக்க எளிய கருவி உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் (WHO-5). கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். 50 அல்லது அதற்குக் கீழ் வந்தால் நிபுணரிடம் காட்ட வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். வாராவாரம் கொடுத்தால் பிள்ளைகள் எதையாவது நிரப்பிவிடுவார்கள். எண்ணை விட வருகைப் பதிவேடு பல சமயம் அதிகம் சொல்லும்.

தவறும் இடங்கள்

பிள்ளை விலங்கை முரட்டுத்தனமாகக் கையாண்டால் கத்தாமல் விலங்கை அப்புறப்படுத்துங்கள். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து, "அது காதைப் பின்னாடி வச்சதைப் பார்த்தியா?" என்று விலங்கின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வேண்டுமென்றே துன்புறுத்துவது திரும்பத் திரும்ப நடந்தால் அது நிபுணருக்குப் போக வேண்டிய செய்தி. அதே சமயம் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

விலங்கு இறந்தால் "தூங்கிடுச்சு", "வேற பண்ணைக்குப் போயிடுச்சு" என்ற பொய்கள் வேண்டாம். இறந்துவிட்டது, இதனால் இறந்தது, உன்னால் இல்லை என்று நேரடியாகச் சொல்லுங்கள். கடைசியாக அதைக் கவனித்தவர் யாரோ அவரிடம் தனியாகவும் சொல்லுங்கள்.

மேலே குறிப்பிட்ட விதிவிலக்கு இதுதான்: வாழப் பிடிக்கவில்லை என்றோ, யாரோ தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ பிள்ளை சொன்னால் வேலையை நிறுத்துங்கள். கருவிகளை ஓரம் வையுங்கள். "செத்துடலாம்னு நினைக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டதில் பெரும்பாலோருக்கு நிம்மதிதான் வரும். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறதா, அதற்கானது கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தனியே விடாதீர்கள், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். திட்டத்தில் இதற்கென்று பொறுப்பாளர் ஒருவர் பெயர் முன்பே குறித்திருக்க வேண்டும். பிள்ளையை அவரிடம் அப்போதே, நேரில் கொண்டு சேருங்கள். உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அவசர உதவியை அழையுங்கள். துன்புறுத்தல் விஷயத்தில் நீங்களே துருவி விசாரிக்க வேண்டாம். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, உங்கள் விளக்கம் கலக்காமல், அன்றே எழுதிவையுங்கள்.

முடிவைத் திட்டமிடாததும் ஒரு தவறுதான். காலம் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே தேதியைச் சொல்லிவிடுங்கள். பல பிள்ளைகள் அந்த வாரங்களில் வராமல் இருப்பார்கள், சண்டை போடுவார்கள். விடப்படுவதற்கு முன் தானே விட்டுப்போகும் முயற்சி அது. கோபப்படாமல் வாசலில் வழக்கம்போல் நில்லுங்கள். அடுத்து வருபவருக்கு அந்த விலங்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கடைசி வாரங்களில் பிள்ளையிடமே கொடுக்கலாம். "அப்பப்போ வந்து பார்க்கலாம்" என்று உண்மையிலேயே அனுமதிக்க முடிந்தால் மட்டும் சொல்லுங்கள், அதையும் தேதியோடு சொல்லுங்கள்.

பண்ணை இல்லையென்றால்

நாலு தொட்டிச்செடி, பூவாளி ஒன்று, விலங்குக் காப்பகத்தில் நாய்க்கு நடை பழக்கும் முறை: இவற்றிலேயே தொடங்கலாம். காப்பக நாயைத் தேர்வு செய்யும்போது அங்கிருப்பவர்களிடம் கயிற்றை இழுக்காத, புதியவர்களைக் கண்டு மிரளாத நாயைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாய் வேறு வீட்டுக்குப் போகலாம் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். விலங்கே கிடைக்காவிட்டால் பறவைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்துத் தினமும் கழுவி நிரப்புவதும் பராமரிப்புதான். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிற, அடுத்த ஓராண்டுக்கு ஊர் மாறாத ஒரு பெரியவர் கிடைத்த பிறகே தேதி குறியுங்கள். முதல் மாதத்துக்கு வேலை எதுவும் பெரிதாக வேண்டாம். ஒரே பாதையில் நடை, ஒரே தொட்டிக்குத் தண்ணீர், வராத வாரத்துக்கு முந்தின நாளே தகவல்.